பெருங்காயத்தில் வாசனை இல்லை

அக்டோபர் 9, வியாழன்

பெருங்காயத்தில் வாசனை இல்லை. போன வாரம் கோயில் தெற்கு வாசல் கடையில் வாங்கின கட்டி. பெயர்தான் பெருங்காயம், உரசினால் சாக்பீஸ் மாதிரி இருக்கிறது. இன்று கையோடு எடுத்துப் போய்க் கல்லாவில் வைத்தேன். கடைக்காரர் மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு மாமி என்றார். முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. இத்தனை வருஷமாக வாங்குகிறவளிடமே இப்படி என்றால் வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்கள் கதி என்ன? பக்கத்துக் கடையில் வேறு வாங்கினேன். அதுவும் அதே லட்சணம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் கொள்முதல் போல.

எனக்கு இது சின்ன விஷயமில்லை. எங்கள் அகத்தில் பெருமாளுக்குக் காட்டுகிறவரை தளிகையை நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. உப்பும் புளியும் கைக்கணக்கு. மிச்சமெல்லாம் மூக்கு. வேண்டுமென்று முகர்ந்து பார்ப்பதும் தப்புதான், ஆனால் அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்குத் தானாக வருகிற வாசனையை யார் என்ன செய்ய முடியும்? கொரோனாவில் தெருவே மூக்கைத் தொலைத்துவிட்டு நின்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் யார் டப்பாவில் என்ன என்று மூடியைத் திறக்காமல் சொல்லுவேன். அதனால்தான் பேட்ரிசியா எனக்கு மோப்ப நாய் என்று பெயர் வைத்தாள். என்னிடம் போய் சாக்பீஸை விற்கிறான்.

அக்டோபர் 13, திங்கள்

இவரை இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். பூக்குடலையை வைத்துவிட்டுத் திரும்பினால், பால் பாத்திரத்தின் மேல் குனிந்து முகர்ந்துகொண்டிருக்கிறார். பெருமாளுக்கு எடுத்து வைத்த பால். பூவைக்கூட மூக்கருகே கொண்டு போகாத மனுஷர். என்ன பண்றேள் என்றேன். பல்லி விழுந்துதோன்னு பார்த்தேன் என்றார்.

கண்ணால் பார்க்க வேண்டிய பல்லியை யாராவது மூக்கால் பார்ப்பார்களா? பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவந்திருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

இருசம்மாளிடம் பூ வாங்குவதை நிறுத்திவிட்டேன். மல்லி என்று கொடுக்கிறாள், வெறும் வெள்ளைக் காகிதம். பழைய பூவைத் தண்ணி தெளிச்சுத் தரியா என்று கேட்டேன். காலையில பறிச்சதும்மா என்று முறைத்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி பட்சணம் கேட்டு பேட்ரிசியா போன் பண்ணினாள். நானும் அவளும் ஒரே வருஷம் ரிடையர் ஆனவர்கள். அவள் புத்தூரில் தனியாக இருக்கிறாள். பேச்சு இவர்மேல் போயிற்று. இவர் ஓயாமல் அடுப்பங்கரைக்குள் வந்து நிற்பதை, ஸ்டவ் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைச் சொன்னேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஸ்டோர்ஸில் இருந்தவர், முப்பது வருஷம் அடுப்பங்கரையில் அடி எடுத்து வைத்ததில்லை.

பேட்ரிசியா, "எங்க வீட்டுக்காரருக்கும் அடுப்பாங்கரையிலதாம்பா ஆரம்பிச்சுது" என்றாள்.

சவரிநாதன் சார் கடைசி மூன்று வருஷம் அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் அறிகுறி, அடுப்பு எரிகிறதா இல்லையா என்று திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது.

போனை வைத்ததும் இந்த நோட்டை எடுத்துவிட்டேன். இனிமேல் இவர் செய்வதையெல்லாம் இதில் எழுதி வைக்கப் போகிறேன். டாக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

அக்டோபர் 30, வியாழன்

மத்தியானம். நான் ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் பாங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினவர் அப்படியே உள்ளே ஓடினார். ஜன்னலையெல்லாம் தடதடவென்று திறக்கிறார். கேஸ் கேஸ் என்கிறார். லைட்டைத் தொடாதே, வாசலுக்குப் போ என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு வாசனையும் இல்லை. எனக்குத் தெரியாதா? பத்து அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக ஒன்றும் இல்லை. ஆனால் இவர் முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்து ஒரு மனுஷர் இப்படி நடுங்குவாரா? அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

கேஸ் மெக்கானிக் வந்து குழாயெல்லாம் பார்த்தான். லீக் எதுவும் இல்லை என்றான். இவர் காசைக் கொடுத்து அனுப்பினார். நான் குத்திக் காட்டவில்லை, பாவம்.

நவம்பர் 8, சனி

மழை. முழங்கால் வலி. அது வயசு இல்லை, மாடிப்படி.

வயசாவது என்று நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரே படம்தான் வரும். இவர் சாய்வு நாற்காலியில், கண்ணில் பீளையோடு. நான் பக்கத்தில் கஞ்சியைக் கலக்கிக்கொண்டு. அந்தப் படத்தில் நான் மட்டும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கிறேன். புடவைகூட இதே புடவை. கிழவர் இவர் ஒருத்தர்தான்.

ஏன் அப்படி? எனக்கும் அறுபத்துநாலு. ஆனால் உள்ளே யாரும் கிழவி இருக்கிற மாதிரி தெரியவில்லையே. உள்ளே இருப்பவள் சைக்கிளில் போன ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர்தான். தில்லை நகரில் ஜவுளிக்கடை கண்ணாடியில் ஒரு மாமி எதிரே வந்தாள், வழி விடுவோம் என்று ஒதுங்கினேன். அவளும் ஒதுங்கினாள். அந்தக் கண்ணாடிக்காரன் என்ன கண்ணாடி போட்டானோ.

இவர் பெயரை மறந்து, என் பெயரை மறந்து, கடைசியில் என்னையும் யாரோ என்று பார்ப்பாரோ? நாற்பது வருஷம் கோமளா கோமளா என்று கூப்பிட்ட வாய். பெண் வகுளாவிடம் சொல்லலாம் என்றால் அவள் ஹைதராபாத்திலிருந்து லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாள். வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன்.

நவம்பர் 19, புதன்

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பசியில்லையாம். சட்டைப் பையோரத்தில் சட்னிக் கறை. பென்ஷனர் கூட்டம் என்று பொன்மலைக்குப் போனவர் எங்கே என்ன சாப்பிட்டார்? ஹோட்டல் பண்டம் தொடாதவர். கேட்டால் முழிக்கிறார். சாப்பிட்டதையே மறந்துவிட்டாரா?

சாயங்காலம் மெதுவாக, உனக்கு சளி கிளி இருக்கோ என்று கேட்டார். எனக்கு எதுக்கு சளி, உங்களுக்குத்தான் சளி, உங்க வம்சத்துக்கே சளின்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை. கத்தியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கல் பண்ணி நாலு அகத்துக்குக் கொடுத்தேன். பெருங்காயம் இரண்டு பங்கு போட வேண்டியிருக்கிறது இந்தக் கலப்படத்துக்கு. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். எதிர் அகத்து மாமி மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள். என்னவோ.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. பெருமாளை சேவித்துவிட்டு வந்தோம். கூட்டத்தில் இவர் என் கையை விடவே இல்லை. தொலைந்து போய்விடுவோம் என்ற பயம் வந்துவிட்டது இவருக்கு. குழந்தை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அழுகை வந்தது, கூட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதேன்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுத வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

இன்று கூடாரவல்லி, மார்கழி இருபத்தேழு. வழக்கம்போல் வெண்கலப் பானையில் அக்காரவடிசல். பால் சுண்டி, அரிசி குழைந்து, வெல்லம் சேர்க்கிற சமயம் வகுளா போன் பண்ணினாள். பேசிக்கொண்டே கிளறினேன். நடுவில் இவர் ஓடி வந்து அடுப்பைக் குறைத்தார். மடியாகப் பண்ணுகிற இடத்தில் இப்படி வந்து விழலாமா என்று விரட்டினேன். ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. நெய்யை ஊற்றி இறக்கிப் பெருமாளுக்குக் காட்டினேன். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள். இவரும் சாப்பிட்டார். எனக்கு நாக்கில் தித்திப்புத் தெரிந்தது. அது போதும் என்றிருந்தது.

பேட்ரிசியாவுக்கு இது உயிர். தூக்கில் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் புத்தூருக்கு பஸ் ஏறினேன். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

கதவைத் திறந்தவள் சிரிக்கவில்லை, பதறினாள். வெளியிலேயே உட்காரலாம்ப்பா, காத்து நல்லா வருது என்று நாற்காலியை இழுக்கிறாள். உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். வெயிலாக இருக்கு என்று சொல்லி, நேரே உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தேன். அவள் ஃபேனைப் போடுகிறாள், ஜன்னலைத் திறக்கிறாள், ஊதுபத்தியைத் தேடுகிறாள்.

"மன்னிச்சுக்கப்பா. பூசைக்குப் போயிட்டு வந்து இப்பத்தான் மீன் வறுக்கப் போட்டேன். நீ வரேன்னு தெரிஞ்சா செய்வேனா? குமட்டுதா?"

என்ன மீன்? எங்கே மீன்? முப்பது வருஷமாக நான் வருகிற நாளில் அவள் வீட்டில் மீன் கிடையாது. ஒருதரம் முந்தின நாள் வறுத்த வாசனைக்கே வாசற்படியோடு திரும்பினவள் நான். இவள் ஏன் இல்லாததைச் சொல்கிறாள், என்னைக் கிளப்பிவிடத்தானே என்று எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். இரும்புக் கல்லில் துண்டு துண்டாகப் பொரிந்துகொண்டிருந்தது. புகை என் முகத்திலேயே அடித்தது. கண் எரிந்தது. மூக்கில் ஒன்றுமே இல்லை. வெந்நீர் ஆவி மாதிரி.

நான் வந்து உட்கார்ந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, தூக்கைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். மென்றாள். என்னைப் பார்த்தாள்.

"அடி புடிச்சிருக்கு கோமளா. நல்லாவே கருகியிருக்கு. உனக்குத் தெரியலையா?"

பொறாமைக்காரி என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் நிஜமாகவே அப்படி நினைத்தேன். அவள் விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி என் மூக்கடியில் எதையோ பிடித்தாள். என்னது சொல்லு என்றாள். காலிக் கை என்றேன். கண்ணைத் திறந்தால் காப்பிப்பொடி டப்பா. திறந்த டப்பா.

பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. என்மேல் மீன் வாசனை வந்திருக்கும் போல. எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 12, திங்கள்

காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டேன், எத்தனை நாளாகத் தெரியும் என்று. இவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆடி மாசத்திலிருந்தாம். ஆறு மாசம்.

கேஸ் திருகைப் பாதி மூடினது நான். அன்றைக்கு வாஸ்தவமாகவே கேஸ் வீடு பூரா பரவியிருந்ததாம். இவர் வந்து மூடினதால்தான் மறுநாள் மெக்கானிக்குக்கு ஒன்றும் அகப்படவில்லை. பால் பல நாள் திரிந்த வாடை வந்து இவர் கொட்டிவிட்டு வேறு வாங்கி வைத்திருக்கிறார். பெருமாளுக்கு முன்னால் முகர்ந்த பாவம் தன்னோடு போகட்டும், கெட்டதைப் பெருமாள் அமுது செய்ய வேண்டாமே என்று. பெருங்காயம் தாங்காமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் இட்லி சாப்பிட்டதையும் ஒத்துக்கொண்டார். ஏகாதசிக் கூட்டத்தில் கையைப் பிடித்தது என்னைத் தொலைத்துவிடாமல் இருக்கத்தானாம்.

ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் என்ன புலியா?

"பெருமாள் அமுது செஞ்சாச்சு. அது பிரசாதம். அதைப் போய் நன்னா இல்லைன்னு நான் எந்த வாயால சொல்றது, கோமளா?"

அப்படியானால் இந்தத் தெருவே அப்படித்தான். பொங்கலை, அக்காரவடிசலை, எல்லாத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கருகலோடு முழுங்கியிருக்கிறார்கள். பிரசாதத்தில் குறை சொல்லக்கூடாது. நானும் அப்படித்தானே யார் அகத்திலும் சொன்னதில்லை. சொல்ல ஒருத்தி மிச்சமிருந்தாள், அவளுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. நல்ல வேளை.

ஆனா ஆறு மாசமா என்னை ஏமாத்திண்டு இருந்தாரே மனுஷர். கோபம் போகலை. அழறேன், கோபம் போகலை.

ஜனவரி 22, வியாழன்

தில்லை நகரில் மூக்கு டாக்டர். கலைமதி என்று பெயர், நம்ம வகுளாவைவிடச் சின்னவள். வரிசையாகக் குப்பிகளை நீட்டினாள். எலுமிச்சை, கிராம்பு, மண்ணெண்ணெய். எனக்கு எல்லாம் ஒன்றுதான். வயசானால் நிறையப் பேருக்கு வருவதுதான்மா, திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றாள். அப்புறம் என் தலைக்கு மேலே இவரைப் பார்த்து, அம்மாவுக்கு மறதி ஏதாவது இருக்கா சார் என்று கேட்டாள்.

என்கிட்ட கேளுங்கோ என்றேன். குரல் உசந்துவிட்டது.

ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லையாம். ஆனாலும் ஆறு மாசம் கழித்து வரவேண்டுமாம். மூக்கு போவது சில பேருக்கு வேறு ஒன்றுக்கு முன்னோடியாகவும் இருக்கலாமாம். திரும்பி வரும்போது ஆட்டோவில் வழி பூரா, பேட்ரிசியா வீட்டில் அடுப்பங்கரையில் ஆரம்பித்தது என்றாளே, அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இதில் எழுதினதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். எல்லாம் இவரைப் பற்றி. எந்தப் பக்கத்திலும் நான் இல்லை. எல்லாப் பக்கத்திலும் நான்தான்.

வயசு வரும்போது வலிக்கும், நடுங்கும், ஏதாவது தெரியும் என்று நினைத்திருந்தேன். உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையே. கடைக்காரன் திருடனாகிறான். பூக்காரி ஏமாற்றுகிறாள். கட்டினவர் கிறுக்காகிறார். நான் மட்டும் சரியாக இருக்கிறேன், உலகம்தான் கலப்படமாகிக்கொண்டு வருகிறது. இப்படித்தான் வருமா எல்லாருக்கும்? மூக்கு போனது தெரியாத மாதிரி இன்னும் என்னென்ன போயிருக்கிறது? யாரைக் கேட்பது? கேட்டால் நிஜம் சொல்லுவார்களா?

பிப்ரவரி 20, வெள்ளி

இருசம்மாளிடம் போய் நின்றேன். நாலு முழம் கொடு என்றேன். வாசனை இருக்காதும்மா, பழைய பூவு என்றாள் வேண்டுமென்றே. என் மூக்குதான்டி கெட்டுப்போச்சு, உன் பூ இல்லை என்றேன். அவள் கிள்ளிக் கொடுத்தாள், இன்னொரு முழம் கூடவே இருந்தது. கடைக்காரர்தான் பாக்கி. அவர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 18, புதன்

போன மாசம் ஒரு நாள், தளிகையை விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பாரோ என்று உள்ளூர பயந்துகொண்டேதான் கேட்டேன். இவர் முக்காலியைக் கொண்டுவந்து அடுப்பங்கரை வாசலில் போட்டு உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அன்றையிலிருந்து இப்படித்தான். நான் அடுப்பைப் பார்க்கிறேன், இவர் பேப்பரைப் பார்க்கிறார். முகர்ந்து பார்ப்பதில்லை. தானாக வந்தால் சொல்கிறார். கடுகு ஆச்சு. பருப்பு அடி பிடிக்கப் பார்க்கிறது. பெருங்காயம் போதும், போதும்ங்கறேன். நான் திரும்பி ஒரு முறை முறைப்பேன். ஆனால் கையை எடுத்துவிடுவேன். சுவரில் கேஸ் அலாரம் வேறு மாட்டியிருக்கிறது.

இவர் சொல்வது நிஜம்தானா என்று சில நாள் தோன்றும். எனக்காக நன்னா இருக்கு என்கிறாரோ? ஒரு நாள் தாளித்ததைக் கொஞ்சம் வேண்டுமென்றே கருக விட்டுப் பார்த்தேன். கருகறது, கண்ணு எங்கே இருக்கு உனக்கு என்று சத்தம் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கினதே இல்லை.

மார்ச் 27, வெள்ளி

கடைக்காரரிடம் போனேன். அவர் பழசை மறந்தே போய்விட்டார். அல்லது மறந்த மாதிரி இருந்தார். அதே கட்டி வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று சாத்தமுது, பேட்ரிசியா பாஷையில் ரசம். பெருங்காயத்தை உரசிப் போட்டேன். இவர் முக்காலியில். போதுமா என்றேன். போட்டியா என்றார். போட்டேனே என்றேன். இன்னும் கொஞ்சம் போடு என்றார். போட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

எழுந்து வந்து டப்பாவை எடுத்தார். அலமாரிக்கு அந்தப் பக்கம் பெருமாள் காணாத இடமாகப் போய் மூக்கருகே வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். காது மடல் சிவக்கவில்லை.

"இதுல வாசனையே இல்லையே கோமளா. தெற்கு வாசல்காரன் ஏமாத்த ஆரம்பிச்சுட்டான்."

கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். கோபமாகத்தான் இருந்தார். கடைக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையைத் தேடினார். வெயில் தாழட்டும், நானே மாத்திண்டு வரேன் என்று உட்கார வைத்தேன். பெருமாளுக்குக் காட்டினேன். இலை போட்டேன். இரண்டு தரம் சாத்தமுது விட்டுக்கொண்டு சாப்பிட்டார். நன்னா இருக்கு என்றார். ஆமாம் என்றேன்.

இவருக்குச் சளியாக இருக்கும். இந்த வெயிலில் சளி வரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேட்ரிசியாவைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். நன்னா இல்லையென்றால் அவள் வாய் சும்மா இருக்காது.